ரணவிரு என்று கூப்பிட்டால் போதுமா?

2016 நவம்பர் 7ஆம் திகதி கொழும்பில், ஜனாதிபதி செயலகத்துக்கு முன்னால், பொலிஸ் கண்ணீர்ப்புகை வீசி நீர்த்தாரை அடித்தது. இதில் புதினம் ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்தில் மாணவர்களும் வேலையற்ற பட்டதாரிகளும் அடிக்கடி வாங்குகிற அடிதான் அது. அன்றைக்கு வாங்கியவர்கள் யார் என்பதுதான் சங்கதி. கால் போனவர்கள், கை போனவர்கள், ஊன்றுகோலில் நின்றவர்கள். ஏழு வருசத்துக்கு முன் யுத்தம் முடிந்தபோது "ரணவிரு" என்று இந்த நாடு தலையில் தூக்கிவைத்து ஆடிய அதே இராணுவத்தின் அங்கவீனமுற்ற சிப்பாய்கள். தண்ணீரை அடித்த பொலிஸ்காரர்களில் எத்தனை பேர் 2009 மே மாதத்தில் ரோட்டோரம் நின்று அவர்களுக்குக் கொடி அசைத்தார்களோ, தெரியாது.

அவர்கள் கேட்டது என்ன? பென்சன். 12 வருசச் சேவையை முடிக்கும் முன்பே காயப்பட்டு இராணுவத்தைவிட்டு விலக நேர்ந்தவர்கள் அவர்கள். ஒன்றுமே கொடுக்கப்படவில்லை என்று நாங்கள் சொல்லவரவில்லை. காயத்துக்கென்று ஏதோ ஒரு கொடுப்பனவு வந்தது. வராதது, சேவையை ஒழுங்காக முடித்துவிட்டுப் போனவர்களுக்கு வருகிற ஓய்வூதியம். "ஏன் முடிக்கவில்லை?" என்று விதி கேட்டது. கால் போனதால் முடிக்கவில்லை. அந்தக் கால் எங்கே போனது? விதியை எழுதிய அரசாங்கத்தின் வேலையில்தான் போனது. இந்த வட்டத்தை ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொன்னால்கூடச் சிரிக்கும். அதற்குப் பதிலாகத்தான் நீர்த்தாரை வந்தது. 2018இலும் இதே கோரிக்கையோடு கோட்டையில் போய்க் குந்தவேண்டி வந்தது.

இப்போது எங்கள் பக்கத்துக்கு வருவோம். இந்தச் சம்பவத்தை எப்போது பேசினாலும் நம்ம ஆட்களிடமிருந்து முதலில் வருகிற வார்த்தை ஒன்று உண்டு: "நல்லா வேணும்." சிலர் வாய்விட்டுச் சொல்வார்கள், சிலர் உதட்டோரம் சிரிப்பார்கள். எங்களுக்கு அந்தக் கோபம் விளங்காமல் இல்லை. பஸ்ஸை நிறுத்தி, அடையாள அட்டையில் பெயரைப் பார்த்து, தமிழ்ப் பெயர் என்றால் இறக்கி வரிசையில் நிறுத்திய காலத்தில் எங்கள் பெற்றோர் இளையவர்கள். கண்டியில் 1983 ஜூலையில் எரிந்த கடைகளின் கதை இல்லாத தமிழ்க் குடும்பம் குறைவு. அதற்கெல்லாம் மேலே முள்ளிவாய்க்கால் இருக்கிறது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒரு சிங்களச் சிப்பாயின் பென்சனுக்காகப் பேசு என்றால், "உனக்கு வேற வேலை இல்லையா?" என்றுதான் கேட்பார்கள். கேட்கட்டும். ஆனாலும் "நல்லா வேணும்" என்ற வார்த்தையோடு எங்களுக்குச் சண்டை இருக்கிறது. அந்தச் சண்டைதான் இந்தக் கட்டுரை.

கண்டி நகரத்திலிருந்தே தொடங்குவோம். மகியங்கனை வீதியில் குண்டசாலை, திகன, தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய என்று போய், பதினெட்டு வளைவை இறங்கினால் ஹசலக்க வரும். கண்டி மாவட்டம்தான். "ஹசலக்க காமினி" என்ற பெயரை இலங்கையில் பாடசாலைக்குப் போன எவரும் கேட்டிருப்பார்கள். 1991 ஜூலை 14ஆம் திகதி, ஆனையிறவு முகாமை நோக்கிப் புலிகள் கவசமிட்ட புல்டோசரை ஓட்டி வந்தபோது அதன்மேல் பாய்ந்து ஏறிச் செத்த சிப்பாய். பரம வீர விபூஷண பதக்கம் அவருக்குக் கொடுக்கப்பட்டது. ஊரில் சிலை இருக்கிறது. அந்த புல்டோசர் ஆனையிறவில் ஏ9 வீதியோரம் நினைவுச்சின்னமாக நிற்கிறது. யாழ்ப்பாணம் போகிற தெற்கத்திப் பஸ்கள் எல்லாம் அங்கே நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டுதான் போகும்.

செத்தவரைப் பற்றி நாங்கள் ஒன்றும் சொல்லப்போவதில்லை. எங்கள் கேள்வி வேறு. அதே ஆனையிறவுச் சண்டையில் கால் போய் உயிரோடு திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் ஒருவரின் பெயராவது உங்களுக்குத் தெரியுமா? எங்களுக்கும் தெரியாது. ஹசலக்கவில் சிலைக்கு மாலை போட ஒரு நாள் போதும். உயிரோடு இருப்பவருக்கு மாதா மாதம் சோறு, மருந்து, செயற்கைக் கால், பிள்ளையின் படிப்பு, வீட்டுக் கூரை. சிலை விலைவாசி ஏறிவிட்டது என்று வந்து நிற்காது. அரசுகளுக்கு இறந்த வீரன்மேல் இவ்வளவு பாசம் ஏன் என்பதற்கு இதைவிடப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

இதில் நம்ம தமிழ் மரபையும் விட்டுவைக்க முடியாது. முகத்திலும் மார்பிலும் பட்ட காயத்துக்கு "விழுப்புண்" என்று பெயர் வைத்துக் கொண்டாடிய மொழி நம்முடையது. செத்தவனுக்கு நடுகல் நட்டோம், அதற்குக் கள்ளும் படைத்தோம். காயப்பட்டவன் அடுத்த முப்பது வருசம் எப்படிச் சாப்பிட்டான் என்று எந்த நடுகல்லிலும் இல்லை. புலிகளும் மாவீரர் துயிலும் இல்லங்களைக் கட்டியபோது அந்த மரபில்தான் நின்றார்கள். காயக்காரருக்கு அவர்கள் இல்லங்கள் நடத்தியதும் உண்மை, ஆனால் கார்த்திகை விளக்கு எரிந்தது இறந்தவர்களுக்கு. துயிலும் இல்லங்களை இராணுவம் இடித்துத் தள்ளியது, தன் பங்குக்குக் கிளிநொச்சியில் ஒரு கொங்கிரீட் கட்டியை வெடித்த மாதிரி நிறுத்தி அதன் உச்சியில் தாமரையை வைத்தது. கல்லுக்குக் கல். இரண்டு பக்கத்திலும் தப்பிய காயக்காரர் இந்தக் கற்களுக்கு நடுவில்தான் இன்னும் நடந்து திரிகிறார், நடக்க முடிந்தால்.

முதுமை என்ற ஒரு விசயத்தை நாம் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 1990இல் பத்தொன்பது வயதில் சேர்ந்து, அடுத்த வருசமே மிதிவெடியில் கால் இழந்தவர் இப்போது ஐம்பதைக் கடந்துவிட்டார். இருபது வயதில் முழங்காலுக்குக் கீழே கால் போனால், மற்ற உடம்பு தாங்கிக்கொள்ளும். ஐம்பதில் தாங்காது. நல்ல கால் இரட்டைப் பாரம் சுமந்து முழங்கால் தேய்ந்திருக்கும், இடுப்பு கோணியிருக்கும். வெட்டிய காலின் மிச்சம் வருசத்துக்கு வருசம் சுருங்கும், வடிவம் மாறும். பழைய செயற்கைக் கால் உராய்ந்து புண்ணாகும். சில வருசத்துக்கு ஒரு முறை மாற்றவேண்டும். முள்ளந்தண்டில் காயப்பட்டவருக்குப் படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் சாகும்வரை கூடவே வரும். சமதரையில் இருப்பவருக்கே இது என்றால் கண்டியை யோசித்துப் பாருங்கள். எங்கள் ஊரில் வீடு என்றால் ரோட்டிலிருந்து நாற்பது படி மேலே இருக்கும், இல்லை அறுபது படி கீழே இருக்கும். பஸ்ஸுக்கு இறங்குவது, தண்ணிக்கு ஏறுவது, மழை நாளில் பாசி பிடித்த படிக்கட்டு. இருபத்தைந்து வயதில் தாவித் தாவி ஏறியவர் இப்போது வீட்டைவிட்டு இறங்குவதே இல்லை என்ற கதை கண்டிச் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் கேட்கலாம்.

அதாவது காயம் பழசாகும்போது செலவு கூடுகிறது. பணமோ அப்படியே நிற்கிறது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனது, அந்த செப்டெம்பரில் பணவீக்கம் எழுபது சதவீதத்தைத் தொட்டது. சம்பளக்காரனே மூச்சுத் திணறிய அந்த வருசத்தில், நிலையான ஒரு தொகையை நம்பி இருந்த காயக்காரனின் பென்சன் பாதியாகிவிட்டது. எந்தச் சுற்றறிக்கையும் குறைக்கவில்லை, சந்தை குறைத்தது. வயதான ஒரு முன்னாள் சிப்பாய் "கூட்டித் தாங்க" என்று கேட்டால் அது பேராசை இல்லை. முன்பு கொடுத்ததையே திரும்பக் கொடு என்றுதான் அவர் கேட்கிறார்.

12 வருச விதிக்குத் திரும்புவோம், எங்களுக்கு அதுதான் ரொம்ப எரிச்சல். இந்த நாட்டில் 1934ஆம் ஆண்டே வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் வந்துவிட்டது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். தேயிலைக் காம்பராவில் இயந்திரத்தில் கை சிக்கியவர்களுக்கும் அதுதான். அதில் ஓர் அட்டவணை இருக்கிறது. எந்த உறுப்பு போனால் சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போனது என்று அது கணக்குச் சொல்லும். கை போனவர் வேலைக்கு வந்து ஒரு நாள்தான் ஆனதா, பதினைந்து வருசம் ஆனதா என்பது அங்கே தகுதியைத் தீர்மானிக்காது. வேலையில் போனதா? ஆம். அவ்வளவுதான். (கொடுக்கிற தொகை பிச்சைக்காசு, அதையும் துரைமார் இழுத்தடிப்பார்கள் என்பது தனிக் கட்டுரைக்குரிய விசயம்.) கொழுந்தையும் காம்பராவையும் நடத்துவதற்காகக் காலனி அரசு எழுதிய சட்டத்துக்குப் புரிந்த ஒரு நியாயம், சொந்த நாட்டு அரசுக்குச் சொந்தச் சிப்பாய் விசயத்தில் புரியவில்லை. ஏன்?

எங்கள் பதில் இதுதான்: கூலியாளுக்குக் கொடுப்பதைக் கடன் என்று சட்டம் ஒத்துக்கொள்கிறது. சிப்பாய்க்குக் கொடுப்பதை நன்றி என்று அரசு சொல்கிறது. கடனைக் கொடுக்காவிட்டால் வழக்குப் போடலாம். நன்றியைக் கொடுக்காவிட்டால் என்ன செய்வது? ரோட்டில் குந்தலாம். "ரணவிரு" என்ற பட்டம் செய்கிற வேலை அதுதான். உரிமையை மரியாதையாக மாற்றிவிடும். மரியாதையை மே மாதம் ஒரு கொடியோடு கொடுத்துவிடலாம். 1999இல் ரணவிரு சேவா அதிகாரசபை என்று சட்டம் போட்டே ஒன்றை அமைத்தார்கள். ராகமையில் ரணவிரு செவன, அனுராதபுரத்தில் அபிமன்சல என்று பராமரிப்பு நிலையங்களும் இருக்கின்றன. அவற்றில் வேலை செய்கிறவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. இவ்வளவு "ரணவிரு"வுக்கு நடுவில் "உரிமை" என்ற ஒரு சொல்லை மட்டும் தேடவேண்டியிருக்கிறது.

மரியாதை எவ்வளவு லேசாகப் பறிபோகும் என்பதற்குச் சாட்சி வேண்டுமா? சிப்பாயை விடுங்கள், தளபதியையே பாருங்கள். யுத்தத்தை வென்றவர் என்று நாடு கொண்டாடிய சரத் பொன்சேகா 2010 ஜனாதிபதித் தேர்தலில் எதிர்த்து நின்றார். தோற்றதும் கைது, இராணுவ நீதிமன்றம். பதவிநிலை போனது, பதக்கங்கள் போயின, பென்சனும் போனது. 2015 ஜனவரியில் ஆட்சி மாறியதும் எல்லாம் திரும்பி வந்தன, மார்ச்சில் பீல்ட் மார்ஷல் பட்டமும் சேர்ந்து வந்தது. அவருடைய அரசியலோ, அவர் நடத்திய யுத்தமோ எங்களுக்கு உவப்பானதல்ல. ஆனால் ஒரு பென்சன், தேர்தல் முடிவைப் பார்த்துப் போகவும் வரவும் முடியும் என்றால் அது பென்சனே இல்லை, எஜமான் மேசையிலிருந்து போடுகிற துண்டு. தளபதிக்கு ஆட்சி மாற்றம் வந்து காப்பாற்றியது. குண்டசாலைப் பக்கத்துக் கோப்ரலுக்கு எந்த ஆட்சி வரும்?

மற்ற ஜெனரல்மாரின் கதை இன்னும் ருசி. யுத்தம் முடிந்த கையோடு ஜகத் டயஸ் ஜேர்மனியில் துணைத் தூதர் ஆனார். சவேந்திர சில்வா 2010இல் நியூயோர்க்கில் ஐ.நா.வுக்கான பிரதி வதிவிடப் பிரதிநிதி ஆனார், பிறகு இராணுவத் தளபதியும் ஆனார். ஜகத் ஜயசூரிய 2015இல் பிரேசிலுக்குத் தூதராகப் போனார். கட்டளை போட்டவர்களுக்குத் தூதரகம், கட்டளையைக் கேட்டுக் கால் இழந்தவர்களுக்குக் கோட்டை நடைபாதை. தமிழர் மேல் நடந்த கொடுமைக்குப் பொறுப்புக் கேட்கிற நாங்கள் யாரைப் பார்த்துக் கேட்கவேண்டும் என்பதை இந்த வரிசையே காட்டிக்கொடுக்கிறது. நடைபாதையில் நனைந்து கிடப்பவனைப் பார்த்து "நல்லா வேணும்" என்று சொல்லித் திருப்திப்பட்டால், தூதரகத்தில் இருந்தவருக்குத்தான் அது லாபம்.

இலங்கை மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். உலகம் முழுக்க இதே கூத்துதான், அதில் ஒரு துண்டு கண்டியிலேயே புதைந்து கிடக்கிறது. மகாவலிக்குப் பக்கத்தில் ஒரு யுத்த மயானம் இருக்கிறது, பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணைக்குழுவின் பொறுப்பில். புல்லுக் கத்தரித்து, பூச்செடி வைத்து, கண்டியிலேயே ஒழுங்காகப் பராமரிக்கப்படுகிற இடம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வோம். இரண்டாம் உலகப் போரில் செத்தவர்கள், கிட்டத்தட்ட 200 பேர். 1944இல் மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்த காலம். பர்மாவில் ஜப்பானோடு சண்டைபோட அனுப்பப்பட்ட கிழக்கு ஆபிரிக்கப் படைகள் இலங்கையில்தான் பயிற்சி எடுத்தன. அந்த மயானத்தில் வெள்ளையருக்குப் பக்கத்தில் ஆபிரிக்கர் கிடக்கிறார்கள், இந்தியர் கிடக்கிறார்கள், நம்ம நாட்டவரும் கிடக்கிறார்கள். நடுகல் எல்லாம் ஒரே உயரம், ஒரே வெட்டு. பார்த்தால் அடடா, என்ன சமத்துவம் என்று தோன்றும்.

உயிரோடு திரும்பிய ஆபிரிக்கருக்கு என்ன நடந்தது? 2019இல் அல் ஜசீரா பழைய ஆவணங்களைத் தோண்டி எடுத்து வெளியிட்டது. படையைவிட்டு விலகும்போது கொடுத்த பணிக்கொடையில், ஒரே பதவியிலிருந்த வெள்ளையருக்குக் கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்கு வரைதான் கறுப்பருக்கு. தோலைப் பார்த்துத் தொகை எழுதிய பட்டியல். தொண்ணூறு வயதைக் கடந்த ஒரு சில கிழவர்கள் மட்டும் மிச்சமிருந்த நேரத்தில்தான் அந்தச் செய்தி வெளியே வந்தது. கண்டி மயானத்துக்குப் போய்ப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுகிற நண்பர்கள் அடுத்தமுறை இதையும் ஒரு வரி சேர்த்துப் போடலாம்.

கூர்க்காக்களின் கதை இன்னும் நீளம். பிரிட்டிஷ் இராணுவத்தில் வேலை செய்த நேபாளிகளுக்கு, 1997 ஜூலைக்கு முன் ஓய்வு பெற்றிருந்தால், பிரிட்டிஷ் சிப்பாயின் பென்சன் கிடையாது. இந்திய இராணுவத்தின் அளவைப் பார்த்துத்தான் கணக்கு. நேபாளத்தில் வாழ்ந்தால் அந்தக் காசு போதுமே என்பது லண்டனின் வாதம். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2016இல் கைவிட்டுவிட்டது. 2021 ஓகஸ்டில் வயசாளிக் கூர்க்காக்கள் பிரதமர் வீட்டு வீதிக்கு எதிரே பதின்மூன்று நாள் சாப்பிடாமல் குந்தினார்கள். பிரான்ஸோ தன்னுடைய ஆபிரிக்கச் சிப்பாய்களின் பென்சனை 1959இல் ஒரு சட்டம் போட்டு அப்படியே உறையவைத்தது. 2006இல் ரஷீத் பூஷாரெப்பின் 'இந்திஜென்' படம் வந்து, அதைப் பார்த்த ஜனாதிபதி சிராக்குக்கு வெட்கம் வந்தது, காயப் பென்சனைச் சமமாக்குவதாக அறிவித்தார். நம்ம தளத்தில் சினிமா விமர்சனம் எழுதுகிற தோழர்கள் இந்தப் படத்தைக் கட்டாயம் எழுதவேண்டும். ஒரு படத்தால் ஒரு பென்சன் கூடியது என்பது லேசான விசயமா? ஆனால் நாற்பத்தேழு வருசம். அதற்குள் எத்தனை பேர் செத்திருப்பார்கள். அமெரிக்காவும் லேசுப்பட்டதல்ல. முதலாம் உலகப் போர்ச் சிப்பாய்கள் 1932இல் வாக்களித்த பணத்தைக் கேட்டு வாஷிங்டனில் குடிசை போட்டபோது, மக்ஆர்தர் டாங்கியும் குதிரைப்படையும் கொண்டுபோய் விரட்டினார். எங்கள் நீர்த்தாரைக்கு அது பெரியண்ணன்.

சரி, இனிச் சொல்லப்போவதுதான் எங்களுக்கும் கஷ்டமான இடம். கண்டி மாவட்டத்துத் தோட்டங்களிலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்களை உங்களுக்குத் தெரியும். 1977 அடியில் சில, 83 அடியில் சில. கிளிநொச்சியில், வவுனியாவில் காடு வெட்டிக் குடியேறினார்கள். இங்கே லயத்தில் பிறந்த தாத்தாவின் பேரப்பிள்ளைகள் அங்கே இயக்கத்துக்குப் போனார்கள். சிலர் விரும்பி, பலர் வீட்டுக்கு ஒருவர் என்று பிடித்துக்கொண்டு போய். (பிடித்துப்போனதை மறைத்துக்கொண்டு இந்தக் கட்டுரையை எழுத எங்களால் முடியாது.) இப்போது யோசியுங்கள். தெல்தெனியவிலிருந்து ஒரு சிங்களப் பையன் சம்பளத்துக்கு இராணுவத்தில் சேர்ந்து வன்னிக்குப் போகிறான். புசல்லாவையிலிருந்து துரத்தப்பட்ட குடும்பத்தின் பையன் அதே வன்னியில் எதிர்ப்பக்கம் நிற்கிறான். இருவரும் கண்டி மாவட்டம். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரியான மிதிவெடி, முழங்காலுக்குக் கீழே போகிறது. பிறகு இருவருக்கும் ஜெய்ப்பூர் கால். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் செய்கிறார்கள், ஜெய்ப்பூரில் 1968இல் கண்டுபிடித்த அதே றப்பர்ப் பாதம். அந்தப் பாதத்துக்கு எந்தப் பக்கம் என்று தெரியாது.

அரசுக்குத் தெரியும். சிங்களப் பையனுக்கு 12 வருசக் கேள்வி இருந்தது. தமிழ்ப் பையனுக்கு அந்தக் கேள்வியே கிடையாது; புனர்வாழ்வு முகாமில் இருந்துவிட்டு வந்த கிட்டத்தட்ட 12,000 பேரில் ஒருவன், அங்கவீனன் என்றால் பிரதேச செயலகத்தில் போய் வரிசையில் நிற்கலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தால், பட்டியலில் இடம் இருந்தால், மாதம் 3,000 ரூபா. அது பிறகு 5,000 ஆனது, இப்போது அஸ்வெசும வந்து இன்னும் கொஞ்சம் கூடியிருக்கிறது. பெண் போராளியாக இருந்தவள் என்றால் நிலைமை இன்னும் மோசம்: புலனாய்வுக்காரன் ஒரு பக்கம், ஊர் வாய் ஒரு பக்கம், கல்யாணச் சந்தையில் கழித்துக்கட்டல் ஒரு பக்கம். 2018இல் இழப்பீட்டு அலுவலகம் என்று 34ஆம் இலக்கச் சட்டத்தால் ஒன்று வந்தது. அதன் கதவில் மாதாந்தக் காயப் பென்சன் என்று எழுதியிருக்கவில்லை.

சீருடையே போடாதவர்களும் இருக்கிறார்கள். 1998 ஜனவரி 25ஆம் திகதி தலதா மாளிகையில் புலிகள் லொறியில் குண்டு வைத்தார்கள். அன்று காயப்பட்ட கண்டிக்காரருக்கு எந்த அதிகாரசபை? 2009இல் மாத்தளன் மணலில் செல்லடியில் கால் போன பள்ளிக்கூடப் பிள்ளைக்கு எந்த அதிகாரசபை? அந்தப் பிள்ளைகள் இப்போது எங்கள் வயது.

ஆகவே நாங்கள் சொல்வது: காயத்தை அளந்து கொடு. எத்தனை வருசம் சேவை, எந்தச் சீருடை, எந்தப் பக்கம் என்று அளக்காதே. இரண்டு பக்கத்திலிருந்தும் கல் வரும் என்று எங்களுக்குத் தெரியும்.

தெற்கிலிருந்து வரும் கல்: "பயங்கரவாதியையும் ரணவிருவையும் ஒரே தட்டில் வைக்கிறீர்களா?" தட்டில் வைப்பது மனிதர்களை அல்ல, முழங்காலுக்குக் கீழே இல்லாமல் போன எலும்பை. மேலும் ஒன்று. அந்த ரணவிருவைத் தனித் தட்டில் வைத்து நீங்கள் சாதித்தது என்ன? நவம்பர் 7. எல்லாருக்கும் பொதுவான சட்டமாக இருந்தால் அவனைத் தனியாகப் பிடித்துத் தண்ணீர் அடிக்க முடியாது. நாளைக்கு ஆட்சி மாறினாலும் பிடுங்க முடியாது.

வடக்கிலிருந்தும் நம்ம லயத்திலிருந்தும் வரும் கல்: "எங்களைக் கொன்றவனுக்குக் காசு கேட்கிறாயா?" பென்சன் மன்னிப்பு அல்ல. பென்சன் வாங்குகிற ஒருவன் குற்றம் செய்திருந்தால் அவனை நீதிமன்றத்தில் நிறுத்தத் தடை ஒன்றுமில்லை; நிறுத்தவும் வேண்டும். ஆனால் விசாரணை இல்லாமல் வறுமையால் தண்டிப்பது நீதி இல்லை, அது கட்டளை போட்டவரைத் தப்பவைக்கிற வேலை. அத்தோடு, வயிற்றுக்காகப் பட்டத்தை நம்பி வாழ்கிற சிப்பாய் எந்த நாளும் வாய் திறக்கமாட்டான். 2009இல் வன்னியில் என்ன பார்த்தாய் என்று யாராவது ஒரு நாள் அவனைக் கேட்கவேண்டி வரும். அவனுடைய சோறு சட்டத்தில் இருந்தால் அவன் பேசலாம். நன்றியில் இருந்தால் பேசமாட்டான். எங்களுக்கு அவன் பேசுவது வேண்டும்.

மூன்றாவது கல் பொருளாதார நிபுணர்களுடையது: காசு எங்கே? 2023 ஜனவரியில் அரசாங்கமே சொன்னது, இராணுவத்தின் அனுமதிக்கப்பட்ட ஆளணி 2,00,783, அதை அடுத்த வருசத்துக்குள் 1,35,000க்கும் 2030இல் ஒரு லட்சத்துக்கும் குறைப்போம் என்று. யுத்தம் முடிந்து பதினான்கு வருசம் கழித்து! அந்தப் பதினான்கு வருசமும் இரண்டு லட்சம் பேரைக் கொண்ட படைக்குக் காசு இருந்தது. வடக்கில் காணி பிடித்து முகாம் நடத்தக் காசு இருந்தது. காலும் கையும் போனவனுக்கு மட்டும் கஜானா காலி என்றால் யார் நம்புவது? ஆளணியைக் குறைத்து மிச்சமாகிற பணத்துக்கு முதல் உரிமைக்காரர் காயப்பட்டவர். அதற்குப் பிறகு நிபுணர்கள் பேசட்டும்.

2022இல் அதே காலிமுகத்திடலில், ஜனாதிபதி செயலகத்தின் வாசலிலேயே அரகலய கூடாரம் போட்டது. அந்த மே 18ஆம் திகதி அங்கே முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடந்தது, சிங்களப் பிள்ளைகள் கஞ்சி வாங்கிக் குடித்தார்கள். ஆறு வருசத்துக்கு முன் அங்கவீனச் சிப்பாய்களின் மேல் தண்ணீர் ஓடிய அதே தரை. அன்று இந்த இரண்டையும் யாராவது சேர்த்துப் பேசியிருந்தால் எங்களுக்கு இந்தக் கட்டுரையை எழுதும் வேலை இருந்திருக்காது.

அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் அங்கவீனக் கொடுப்பனவும் படையினர் ஓய்வூதியமும் வழக்கம்போல இரண்டு வேறு அமைச்சுகளின் கீழ் வரும். கண்டி மாவட்டத்துப் பாராளுமன்ற உறுப்பினர்களில் தமிழ் வாக்கு வாங்கியவர்களும் இருக்கிறார்கள், ஹசலக்க வாக்கு வாங்கியவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் ஒரே சட்டத்தின் கீழ் கொண்டுவர ஒரு தனிநபர் பிரேரணை போடுங்கள் என்று இரு தரப்புக்கும் ஒரே கடிதத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக்கொண்டிருக்கிறோம். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள், முக்கியமாக "நல்லா வேணும்" என்று சொன்னவர்கள், எங்களோடு பேசுங்கள்.